நானூற்றாறு மெகாஹெர்ட்ஸுக்கான திருத்தம்

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளில் பலவற்றின் ரேடியோச் சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஏதும் இல்லை. பதினேழு வருடமாகக் கப்பல் ரேடியோக்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். நாசரேத்தில் பள்ளிப்படிப்பு, பிறகு எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கப்பல் ஏணியில் கருவிப்பெட்டியோடு ஒரு பெண்ணாக நான் ஏறினால், மேலே நிற்பவர்கள் எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். இப்போது பார்ப்பதில்லை.

எங்கள் பட்டறை பீச் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டே அறைகள்தான். முன்னறையில் மேஜையும் ஃபைல்களும். பின்னறையில் கருவிகள்; உப்புக்காற்று நுழையாதபடி ஏசி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சொந்தக்காரர் சாத்தான்குளத்துக்காரர். பல வருடம் கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்துவிட்டு, கரைக்கு வந்து இந்தப் பட்டறையை ஆரம்பித்தார். அதிகம் பேசமாட்டார். நாங்கள் எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம்.

என் வேலையில் பெரும்பகுதி, ஒரு ரேடியோ வெளியே அனுப்பும் சக்தி எத்தனை வாட் என்று அளப்பது. கேட்பதற்கு எளிதாகத் தெரியும். ரேடியோவிலிருந்து ஒரு கேபிள். நடுவில் சக்தியைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு துண்டு, அதற்கு அட்டெனுவேட்டர் என்று பெயர். கடைசியில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு சென்சார். சென்சார் உணர்ந்ததை மீட்டர் எண்ணாகக் காட்டும். ஆனால் அந்த எண் அப்படியே உண்மை ஆகிவிடாது. அதிர்வெண் ஏற ஏறக் கேபிள் வழியிலேயே விழுங்குவது கூடும். அட்டெனுவேட்டர் குறைக்கும் அளவு மாறும். சென்சாரும் தன்னிடம் வரும் சக்தி முழுவதையும் உணராது. ஓர் அதிர்வெண்ணில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை உணரும், இன்னொன்றில் தொண்ணூற்றுநான்கைத்தான் உணரும். அதை ஆய்வுக்கூடத்தில் அளந்து, சென்சாரின் பக்கவாட்டில் ஒரு சின்ன அட்டவணையாக ஒட்டி அனுப்புவார்கள். எந்த அதிர்வெண்ணை அளக்கிறோமோ அதற்கான எண்ணை மீட்டருக்கு நாம் சொல்லவேண்டும். கேபிளுக்கும் அட்டெனுவேட்டருக்கும் உரிய இழப்பையும் அதேபோலச் சொல்லவேண்டும். சொன்னால், வழியில் போனதை எல்லாம் சேர்த்துக்கொண்டு மீட்டர் சரியான அளவைக் காட்டும்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒருமுறை தவறினேன்.

ஆடிக்காற்றுக் காலத்தில் தோணிகள் கடலுக்குப் போவதில்லை. காற்று அடங்கியதும் எல்லாத் தோணிகளும் ஒரே நேரத்தில் புறப்படத் தயாராகும். எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த வருடம் அப்படி ஒரு வாரத்தில் ஐந்து தோணிகளின் அபாய பீக்கன்கள் ஒரே நாளில் பட்டறைக்கு வந்தன. பீக்கன் என்பது தண்ணீர்க் குடுவை அளவில் ஒரு மஞ்சள் பெட்டி. தோணி மூழ்கினால் அது மிதந்து மேலே வந்து, நானூற்றாறு மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும். ஐந்து வாட் சக்தி இருக்கவேண்டும். கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம். ஆனால் மூன்று வாட்டை நெருங்கிவிட்டால் ஆகாது. நடுக்கடலில் பத்துப் பேரின் உயிர் அந்தப் பெட்டியை நம்பி இருக்கிறது.

ஐந்தையும் ஒவ்வொன்றாக இரும்புப் பெட்டிக்குள் வைத்து, உண்மையான அபாய அழைப்பு வெளியே போய்விடாதபடி சோதனை முறையில் இயக்கி, அளந்தேன். ஏழு வாட், ஆறு புள்ளி எட்டு, ஏழு புள்ளி இரண்டு, ஆறு புள்ளி ஆறு. கடைசிப் பெட்டி மட்டும் நான்கு புள்ளி ஒன்று. எல்லாமே வரம்புக்குள் இருந்தன. மற்றவற்றோடு ஒப்பிட்டால் கடைசிப் பெட்டி சோகையாக இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. பெட்டி பழையது, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, காலையில், துறைமுகத்தில் பயன்படுத்தும் புது வாக்கிடாக்கி ஒன்றைச் சோதிக்கக் கொடுத்தார்கள். ஐந்து வாட்டுக்காகச் செய்த செட். மீட்டர் ஏழு புள்ளி ஒன்று என்று காட்டியது. பேட்டரியைக் கழற்றி மாட்டி மறுபடி அளந்தேன். அதே ஏழு புள்ளி ஒன்று. அந்தச் சிறிய பேட்டரியை வைத்துக்கொண்டு அந்த செட் ஏழு வாட் தர வழியே இல்லை.

மீட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். சென்சாருக்கான எண் தொண்ணூற்றுநான்கு என்று இருந்தது. அந்த எண் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அட்டவணையின் அடிப்பகுதியில், ரேடார் அதிர்வெண்ணுக்கு நேராக. பீக்கன்கள் வருவதற்கு முந்தின நாள் ஒரு கப்பலின் ரேடாரை அளந்தது நான்தான். ஒன்பது கிகாஹெர்ட்ஸுக்கு மேல். அந்த உயரத்தில் என் கேபிள் கால்பங்குக்கு மேல் விழுங்கிவிடும் என்பதால், அதற்கான திருத்தத்தை மீட்டரில் பதித்திருந்தேன். மறுநாள் அதை மாற்றாமலே பீக்கன்களை அளந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அன்று காலைவரை அந்த மீட்டரை யாரும் எடுக்கவில்லை. நானூற்றாறு மெகாஹெர்ட்ஸில் கேபிள் விழுங்குவது அற்பம். விழுங்காததை எல்லாம் விழுங்கியதாக எடுத்துக்கொண்டு, மீட்டர் தாராளமாகக் கூட்டிக் காட்டியிருக்கிறது.

ஃபைலை எடுத்து, அன்று எழுதிய ஐந்து அளவுகளையும் பார்த்தேன்.

உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. பீக்கன்களைத் திரும்பக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. தவறு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்; தவறிய திசையும் தெரியும். கணக்குப் போட்டே உண்மையான அளவைக் கண்டுபிடித்துவிடலாம். வாக்கிடாக்கி வந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதினேன். கேபிளுக்கு எவ்வளவு, அட்டெனுவேட்டருக்கு எவ்வளவு, சென்சாருக்கு எவ்வளவு. மூன்றையும் சேர்த்தால், மீட்டர் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டிக் காட்டியிருந்தது. ஐந்து அளவுகளையும் அதால் வகுத்தேன். நான்கு பெட்டிகள் நாலரையிலிருந்து ஐந்து வாட்டுக்குள் வந்தன. நல்ல பெட்டிகள். ஐந்தாவது இரண்டு புள்ளி எட்டில் வந்து நின்றது.

அட்டைப்பெட்டியோடு முன்னறைக்குப் போய் சாரிடம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. ரேடார் அளந்தது, மாற்ற மறந்தது, கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் வகுத்தலை இரண்டுமுறை போட்டுப் பார்த்தார்.

"அந்தத் தோணி எங்கன நிக்கி?"

"பழைய துறைமுகத்துல சார். இன்னைக்கு மத்தியானம் புறப்படுதாம்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வரம்புக்குக் கொஞ்சம் கீழதானம்மா இருக்கு. இது நீ தாள்ல போட்ட கணக்கு. அளந்து பாத்தது இல்ல. போயிட்டு வரட்டும், வந்த உடனே மாத்திருவோம். இப்பப் போயி சொன்னா, பட்டறை பேரு என்ன ஆகும்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. பல வருட உழைப்பில் எழுப்பிய பட்டறை அது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் ஒரு நிமிடம் அப்படித்தான் யோசித்திருப்பார்கள். ஆனால் எனக்குக் குரல் எழும்பிவிட்டது.

"சார், எங்கணக்கு சரிதான். கையெழுத்து என்னுது. அது தப்புன்னு நானே போயி சொல்லுதேன். மாத்துப் பெட்டி மட்டும் குடுங்க."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார், மறுபடி அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு எழுந்து, அலமாரியைத் திறந்து, சோதித்து வைத்திருந்த மாற்று பீக்கனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தோணியோட நம்பரை இதுல ஏத்து. சர்வேயருக்கு நான் போன் போடுதேன்."

எங்கள் சான்றிதழைப் பார்த்துத் தோணியைக் கடலுக்கு விடும் அரசு அதிகாரிதான் சர்வேயர். ஒவ்வொரு பீக்கனுக்குள்ளும் அது எந்தக் கலத்துக்கு உரியது என்ற அடையாள எண் இருக்கவேண்டும். அப்போதுதான் கடலில் கூப்பிடுவது யார் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த எண்ணை ஏற்றி முடித்தேன். மீட்டரில் நானூற்றாறுக்கான திருத்தத்தைப் பதித்து, மாற்றுப் பெட்டியை அளந்தேன். நான்கு புள்ளி ஒன்பது. ஸ்கூட்டியின் முன்பக்கம் அதை வைத்துக்கொண்டு கிளம்பினேன். பீச் ரோட்டில் ஓர் உப்பு லாரி திரும்பமுடியாமல் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அது நகரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தோணி சரக்கேற்றும் தளத்தை ஒட்டி நின்றது. வெங்காய மூட்டைகள் அநேகமாக ஏறிமுடிந்துவிட்டன. தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். தோணியை நடத்துகிறவரை இங்கே தண்டல் என்பார்கள். அந்தத் தோணியின் தண்டலுக்கு அறுபதை ஒட்டி வயதிருக்கும். சட்டையின் மேல் பொத்தான் திறந்து, கழுத்தில் ஜெபமாலை தெரிந்தது. தளத்திலிருந்து தோணிக்குப் போட்டிருந்த பலகையில் நடந்து மேலே போனேன். என்னை அவருக்கு முன்பே தெரியும்.

"என்ன மேடம், பெட்டியும் கையுமா வாரிய?"

"அண்ணாச்சி, உங்க பீக்கனை மாத்தணும். மூணு நாளைக்கு முன்னால நான் பாஸ் பண்ணுனது தப்பு."

தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஒருவர், "புறப்படுத நேரத்துல இது என்ன கரைச்சல்" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

தண்டல் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தண்டல் என்னிடம், "அன்னைக்கு நல்லா இருக்குன்னியளே? அந்தச் சீட்டு சர்வேயர்கிட்ட போயிட்டே" என்றார்.

"ஆமா. அன்னைக்கு மீட்டர்ல ரேடாருக்குள்ள திருத்தம் கெடந்துச்சு. அதை மாத்தாம அளந்துட்டேன். தப்பு என் பேருலதான். சர்வேயருக்கு இப்ப போன்ல சொல்லியாச்சு. உங்க பெட்டியில உண்மையில மூணு வாட்டுகூட இல்ல."

"திருத்தம்னா?"

என்னால் முடிந்த அளவு சொன்னேன். ஒரே மீட்டர்தான், ஆனால் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் அதன் தவறு வேறுவேறு. எதை அளக்கிறோமோ அதற்கான திருத்தத்தைப் போடாவிட்டால் எண் பொய் சொல்லும் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் என்னைச் சுக்கான் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். திசைகாட்டிக்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அட்டை ஒட்டியிருந்தது.

"இதைப் பாருங்க. எங்க காம்பசு இது. என்ஜின் இரும்பு பக்கத்துல இருக்குலா, அதனால முள்ளு கொஞ்சம் இழுக்கும். தெக்க பாத்துப் போனா ஒரு தப்பு, மேக்க பாத்துப் போனா வேற தப்பு. எந்தத் திசைக்கு எவ்வளவு கூட்டணும், எவ்வளவு கழிக்கணும்னு இதுல போட்டிருக்கு. தெக்குக்குள்ளதை எடுத்து மேக்குக்குப் போட்டா மாலத்தீவுக்குப் போவ முடியுமா? அதானே நீங்க சொல்லுதது?"

"அதேதான் அண்ணாச்சி."

நான் அரைமணி நேரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த விளக்கத்தை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவறைச் சொல்ல வந்த இடத்தில் சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிருக்காது."

"ம்." சற்றுமுன் முணுமுணுத்தவரைப் பார்த்து, "ஏலே, அந்தப் பழைய பெட்டியக் கழத்தி இவிய கையில குடு. புதுச நீ பிடி, இவிய மாட்டட்டும்" என்றார்.

நானே மாட்டினேன். தண்ணீரில் அமிழ்ந்தால் தானாக விடுவிக்கும் பூட்டைச் சரிபார்த்தேன். தோணி மூன்று மணிவாக்கில் தளத்தை விட்டு விலகியது. அதுவரை நான் அங்கிருந்து நகரவில்லை.

பட்டறைக்குத் திரும்பியபோது சார் பின்னறையில் எனக்காகக் காத்திருந்தார். பழைய பெட்டியை அவரே வாங்கி இரும்புப் பெட்டிக்குள் வைத்தார். நான் மீட்டரில் சரியான திருத்தத்தைப் பதித்தேன். சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அரை நொடியில் துடிப்பு வந்து போனது. திரையில் எண் நின்றது.

இரண்டு புள்ளி எட்டு.

தாளில் போட்டதும் திரையில் வந்ததும் ஒன்றே. என் வாழ்க்கையில் எனக்கு எத்தனையோ நல்ல நாட்கள் இருந்திருக்கின்றன. டிப்ளமோ முடித்த நாள், முதல் சம்பளம், மகள் பிறந்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த நொடியில் நெஞ்சுக்குள் எழுந்தது தனி வகையான பெருமை. எனக்கு என் கருவிகள் தெரியும். அவை எங்கே எவ்வளவு பிழை செய்யும் என்றும் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு, கையில் இல்லாத பெட்டி ஒன்றின் சக்தியை ஒரு அட்டைப்பெட்டியின் முதுகில் எழுதிக் கண்டுபிடித்துவிட்டேன். சார் திரையையும் பார்த்தார், அட்டைப்பெட்டியையும் பார்த்தார். பாராட்ட அவருக்கு வராது. "இந்த அட்டையைக் குப்பையில போட்டுராத. ஃபைல்ல வை" என்றார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஆண்டெனா சேரும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தண்ணீர் கசிந்து, உலோகத்தை அரித்துவிட்டது. அந்தத் தோணி திரும்பி வருவதற்குள் இன்னும் குறைந்திருக்கும்.

சர்வேயர் இரண்டு நாள் கழித்து நேரில் வந்தார். கறாரான மனிதர். ஐந்து சான்றிதழ்களையும் ரத்துசெய்து, திருத்திய அளவுகளோடு புதிதாக எழுதச் சொன்னார். பழைய சான்றிதழில் தவறு என்ன, எப்படித் தெரிந்தது என்று ஒரு பக்கம் எழுதி இணைக்கவும் சொன்னார். எழுதிக்கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "மற்ற நாலு தோணியையும் நான் நிறுத்த வேண்டாம்னு இந்தக் கணக்கை வச்சே சொல்லுறீங்களா?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்றேன். அவற்றில் ஒன்று இன்னும் துறைமுகத்தில்தான் நின்றது. அதன் பீக்கனைக் கொண்டுவரச் சொல்லி, என் கண்முன்னாலேயே அளக்கவைத்தார். என் கணக்கு நாலு புள்ளி ஏழு என்றது. மீட்டர் நாலு புள்ளி ஆறு காட்டியது. தலையை ஆட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறும்போது சாரிடம், "இந்தம்மா எழுதினதை மற்ற பட்டறைகளுக்கும் காட்டலாமா?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. சார் என்னைக் கைகாட்டி, "அவங்ககிட்டயே கேளுங்க" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் வந்தது. எந்த அளவை எழுதினாலும், அதற்கு முன் அதிர்வெண்ணையும் அதற்குப் போட்ட திருத்தத்தையும் எழுதவேண்டும். அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் சான்றிதழ் வெளியே போகாது. ஒவ்வொரு கேபிளையும் அட்டெனுவேட்டரையும் வி.எச்.எஃப். ரேடியோ, பீக்கன், ரேடார் என்று தனித்தனியாக அளந்து, ஒரு பெரிய அட்டவணை தயாரித்தேன். அதற்கு ஒரு மாதம் ஆனது. கேபிளை வளைத்தால் மாறுகிறதா, மாட்டி இறுக்கும் விசையால் மாறுகிறதா என்றெல்லாம் பார்த்தேன். மாறத்தான் செய்தது. ஒரு பழைய கேபிள் ரேடார் அதிர்வெண்ணில் பாதிக்கு மேல் விழுங்கியது. அதை வெட்டித் தூர எறிந்தேன். வருடம் ஒருமுறை சென்சாரைச் சென்னை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்போது என் அட்டவணையின் நகலையும் சேர்த்து அனுப்புவேன். முதல்முறை அனுப்பியபோது அங்கிருந்து ஒருவர் போன் செய்து, "இதை எந்தக் கம்பெனி செஞ்சு குடுத்தாங்க?" என்று விசாரித்தார். நான் செய்தது என்றேன். எப்படி அளந்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

தோணி மூன்று வாரத்தில் திரும்பிவந்தது. தண்டல் மாற்றுப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம். மாலத்தீவின் மாசிக் கருவாடு, கட்டைபோல இறுகி, நல்ல சாதி.

"இது வீட்டுக்கு. வயர்லெஸ் செட்டு ரெண்டு இருக்கு, அதையும் நீங்களே பாத்துருங்க. வேற ஆளு வேண்டாம்" என்றார்.

"இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி" என்றேன்.

"வாங்கிக்கிடுங்க. மாலத்தீவுல நம்ம ஊருத் தண்டலுங்க நாலு பேரு இருந்தாங்க. நடந்ததைச் சொன்னேன். அந்தப் பட்டறை எங்கன இருக்குன்னு கேட்டுக்கிட்டானுவ."

அன்று மாலை வீட்டில் மாசியை இடித்துச் சம்பல் செய்தேன். சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "அத்தனை பேரு முன்னால தப்புன்னு ஒத்துக்கிட்டியே, சங்கடமா இல்லையா?" என்று கேட்டார்.

"பலகையில ஏறுத வரைக்கும் இருந்துச்சு" என்றேன். அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். மகள் சம்பல் காரமாக இருக்கிறது என்று தண்ணீர் கேட்டாள். நான் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.